என் பெயரில் இன்னொருத்தி

மார்ச் 4

அக்காவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேன். போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. உன் நம்பரும் அதோடு போயிற்று. உன் பிறந்த தேதி, ரத்த வகை, சான்றிதழ் எண் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நம்பர் மட்டும் மனப்பாடம் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்க்கிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். ஆறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறேன். உன் சான்றிதழை வைத்து, உன் பெயரில்.

போன செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து கீழே இறங்கினால் ஏணியடியில் இரண்டு பேர். ஒருவர் உன் பெயரைச் சொல்லி, "நீங்கதானா?" என்றார். பழக்கத்தில் "ஆமா" என்றேன். அந்த "ஆமா"வைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்கள். ஏழு மணி நேரம் ஸ்டேஷனில் ஒரு மர பெஞ்சு. இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்கம்மா" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். என் சொந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், நாக்குக் குழறிற்று. அவர் எழுதுகிறவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஆள்மாறாட்டம் என்று ஒரு வழக்கு, அடுத்தவர் அடையாளத்தைத் திருடியதாக இன்னொன்று. ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். திங்கள்தோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊரைவிட்டு நகரக் கூடாது. இலவச வக்கீல் ஒருத்தி கிடைத்திருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், ஓயாமல் தும்முகிறாள், ஆனால் கெட்டிக்காரி. "உங்க அக்கா சம்மதிச்சுத்தான் குடுத்தாங்கன்னு எழுதிக் குடுத்தா திருட்டு வழக்கு நிக்காது. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறாள். இல்லையென்றால் மூன்று வருஷம் உள்ளே இருக்க வேண்டியதுதானாம்.

நீ கொடுத்ததுதானே அக்கா? அதை மட்டும் எழுதி அனுப்பு.

புகார் கொடுத்தது யாரென்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு மீசைக்காரர் மேல் சந்தேகம். மூத்த ஆபரேட்டர் பதவி அவரைத் தாண்டி எனக்கு வந்ததிலிருந்து அவர் என் முகத்தையே பார்ப்பதில்லை. மனுஷனுக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல்.

அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

தங்கை

⁂

மார்ச் 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதக் கை வரவில்லை.

இங்கேயும் போலீஸ் வந்தது. உன் அத்தான் உள்ளே ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். காத்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பதினோரு வருஷமாக அவர் கிளினிக்கில் அதே மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன். நான் யாரென்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவர் கேட்டார்.

நான் உனக்கு எதையும் கொடுக்கவில்லை. கொடுத்ததாக நினைவில்லை. நினைவில்லாததை எப்படி எழுதித் தருவது?

கிரேன் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் மூன்று தடவை தோற்றவள் நீ. நாலாவது தடவை எழுத விதியில் இடமில்லை. நான் முதல் தடவையிலேயே, அந்த வருஷத்துக்கே முதலாவதாகத் தேறினேன். அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொன்னார். அது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். அந்தக் கேபின் எத்தனை உயரம்? பயிற்சியில் நான் ஏறியது முப்பது மீட்டர். காலடியில் கண்ணாடிதானே, குனிந்து பார்க்கும்போது உனக்குத் தலை சுற்றவே இல்லையா? மேலே காற்று எப்படி இருக்கும்? உன்னை எல்லோரும் என்னவென்று கூப்பிடுகிறார்கள்? என் முழுப் பெயரையுமா, சுருக்கியா?

துறைமுகச் செய்திமடலில் விருதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். வழக்கம்போல இடது தோளைச் சாய்த்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய. கீழே என் பெயர். நான் அப்படிச் சிரித்த படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை.

அம்மாவுக்கு இது முதலிலிருந்தே தெரியுமா? இதற்காவது உண்மையாகப் பதில் எழுது.

அக்கா

⁂

மார்ச் 17

அக்காவுக்கு,

நான் ஜெயிலுக்குப் போவேனா மாட்டேனா என்று கேட்டால், நீ கேபின் எத்தனை உயரம் என்கிறாய். சரி, சொல்கிறேன். நாற்பத்திரண்டு மீட்டர். முதல் வாரம் தலை சுற்றியது. அப்புறம் கீழே நிற்கும்போதுதான் சுற்றியது. காற்றடித்தால் கேபின் மெல்ல ஆடும், அந்த நேரம் பார்த்துக் கடற்பறவைகள் கண்ணாடிக்கு வெளியே அசையாமல் நிற்கும், நம்மைக் கேலி செய்கிற மாதிரி. உன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைச் சொல்லி அதோடு "அக்கா" சேர்த்துக் கூப்பிடுவார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட.

அம்மாவுக்குத் தெரியும். பீரோவைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்துக் கொடுத்ததே அம்மாதான். "அவ இனிமே எங்க வேலைக்குப் போகப்போறா, நீயாவது பொழச்சுக்கோ" என்றாள். நமக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம், முகமும் ஒரே அச்சு. பழைய போட்டோவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் அம்மா கொடுத்தாள் என்று நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. உனக்குப் போன் செய்தேன். அப்பா இறந்த வருஷம், மழை நாள், நீ அடுப்படியில் இருந்தாய், பாப்பா அழுதுகொண்டிருந்தாள். "உன் சர்டிபிகேட் இங்க சும்மா கெடக்கு, நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ, இல்ல அடுப்புல போடு. எனக்கு இனிமே அது எதுக்கு?" என்று சொன்னாய். அதைச் சொல்லிவிட்டு, கொதிக்கிறது என்று போனை வைத்துவிட்டாய். இது உனக்கு நினைவில்லையா, அல்லது நினைவில்லை என்று முடிவு செய்துவிட்டாயா?

ஒன்று கேட்க வேண்டும். அந்தச் செய்திமடல் துறைமுகத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது. சாப்பாட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், வெளியே போகாது. ஒரு நாள் ரயில் பயணம் தள்ளி இருக்கிற உன் கையில் அது எப்படி வந்தது?

தங்கை

⁂

மார்ச் 20

வக்கீல் இன்று புகாரின் நகலை வாங்கி வந்தாள். மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படிக்கத் தேவையே இருக்கவில்லை. சின்ன வயதில் என் வீட்டுப்பாடத்தை எத்தனை தடவை உன்னை எழுதச் சொல்லியிருப்பேன், அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

மீசைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

⁂

ஏப்ரல் 2

குட்டிக்கு,

ஆமாம், நான்தான்.

பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பகலில் கிளினிக்கில் ஈ ஓட்டுகிற நேரம் அதிகம். இங்கே ஆற்றுத் துறையில் சின்னதாக ஒரு கிரேன் போட்டிருக்கிறார்கள். ஆள் தேவை என்று பலகை வைத்திருந்தார்கள். மூன்று வாரம் அந்தப் பலகையைத் தாண்டி நடந்தேன். நாலாவது வாரம் உன் அத்தானிடம் சொல்லாமல், நகல் சான்றிதழ் வாங்க உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். நல்ல உடை உடுத்திக்கொண்டு போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குமாஸ்தா கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்கெதுக்கும்மா நகல்? போன மாசம்தானே புதுப்பிச்சிருக்கு. மூத்த ஆபரேட்டரா ஆயிட்டீங்கன்னு வேற போட்டிருக்கு. வாழ்த்துகள்" என்றார்.

அந்த "வாழ்த்துகள்" காதில் இன்னும் கேட்கிறது. எனக்கு வந்த வாழ்த்து. நான் செய்யாத வேலைக்கு.

யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் புகார் எழுதினேன். பத்து நாள் கழித்துப் போலீஸ்காரர் அந்தச் செய்திமடலைக் கொண்டுவந்து, "இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். அப்போதும் "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். "தப்பா எழுதிட்டேன், திருப்பிக் குடுங்க" என்று கேட்டிருக்கலாம். வாயில் அந்த வார்த்தை வந்தும் விட்டது.

ஆனால் படத்தில் உன் பக்கத்தில் அம்மா நின்றாள். நான் வாங்கி அனுப்பிய சாம்பல் நிறச் சால்வையைப் போட்டுக்கொண்டு, உன் விருதின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு. நான் முதலாவதாகத் தேறியபோது பயிற்சிக் கூடத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். அம்மா வரவில்லை. உனக்குக் காய்ச்சல், உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். அப்பா மட்டும் வந்தார். உன் விழாவுக்கு எத்தனை படியேறி வந்தாளோ தெரியாது. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா என் பெயரைக் கேட்டுவிட்டு, உன்னைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறாள்.

"தெரியும், என் தங்கை" என்றேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். வேலையை எடுத்துக்கொண்டாய், சரி. அம்மாவையும் என் பெயரிலேயே எடுத்துக்கொண்டாயே.

அக்கா

⁂

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

இனிமேல் உனக்கு எழுதினால் வழக்கை விட்டுவிடுவேன் என்று வக்கீல் மிரட்டுகிறாள். கடிதத்தையே சாட்சியாக வைப்பார்களாம். வைக்கட்டும்.

வயிற்றெரிச்சல் உனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறாயா? ஆறு வருஷம் ஒலிபெருக்கியில் உன் பெயர். தொப்பியில் உன் பெயர். அம்மா வெளியே வந்தால் தப்பித்தவறி உண்மை வாயில் வந்துவிடக் கூடாது என்று என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கடைத்தெருவில் கூப்பிடும்போது அந்தக் குரலில் ஒரு குழைவு இருக்கும். வீட்டுக்குள் என் பெயரைச் சொல்லும்போது அது இருக்காது. பக்கத்தில் நிற்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன்னைக் கூப்பிட ஆசைப்பட்டுத்தான் அவள் என்னோடு கடைக்கே வருகிறாளோ என்றுகூடத் தோன்றும். அந்தச் சால்வையை அன்றைக்கு அவளாகத்தான் தேடி எடுத்தாள். "பெரியவ பேரைச் சொல்லுவாங்கல்ல, அதைப் போட்டுக்கறேன்" என்றாள். அவள் யாருக்குக் கைதட்டினாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

விருது எதற்கென்று நீ கேட்கவே இல்லை. சென்ற வருஷம் ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் காற்று கிளம்பியது. கயிற்றில் முழுச் சரக்கோடு ஒரு கன்டெய்னர். கீழே அடுக்குகளுக்கு நடுவில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள், ஓட வழியில்லை. பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. வயர்லெஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள், இழு என்கிறான் ஒருவன், இறக்கு என்கிறான் இன்னொருவன். நான் வயர்லெஸ்ஸை அணைத்தேன். பெட்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் கொண்டுபோனேன். எதிர்த்து இழுக்காமல், அதன் பின்னாலேயே போய்ப் போய், ஆட்டம் அடங்குகிற வரைக்கும். இருபத்தைந்து நிமிஷம். இறங்கி வந்த பிறகும் லிவரைப் பிடித்தபடியே மடங்கியிருந்த என் விரல்களை இன்னொருவர்தான் பிரித்துவிட்டார்.

அந்த வித்தை எந்தப் பரீட்சையிலும் இல்லை. பயிற்சிக்குப் போன காலத்தில் நீ சாப்பாட்டு மேஜையில் இரண்டு கரண்டியை லிவர் மாதிரி பிடித்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. "ஆடுற சாமானோட சண்டை போடாதடி, கூடவே போ" என்றாய்.

மே ஆறாம் தேதி விசாரணை. எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளப் போகிறேன். உன்னிடம் இனி ஒன்றும் கேட்க மாட்டேன். நீ வராதே. அம்மா முகத்தை நான் பார்த்தால் போதும், உன் முகத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெம்பில்லை.

தங்கை

⁂

ஏப்ரல் 27

குட்டிக்கு,

வர மாட்டேன். பயப்படாதே.

ஆனால் நேற்று இங்கே உள்ள ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். உன் வக்கீலுக்கு அது இதற்குள் போயிருக்கும். அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

மழை நாள், அடுப்படி, பாப்பா அழுதது, எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. மறந்ததே இல்லை. நீ எதற்குக் கேட்டாய் என்றும் அப்போதே தெரியும். சரக்குக் கொட்டகை என்று நீ சொன்ன கதையை நான் ஒரு நாளும் நம்பவில்லை. தெரியாதவள் மாதிரி ஆறு வருஷம் இருந்தேன். ஏன் என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ இரண்டு மாதத்தில் பயந்துபோய் இறங்கி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். "அக்கா, உன்னால முடிஞ்சது என்னால முடியல" என்று ஒரு போன் வரும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு தடவை நீ கூப்பிடும்போதும் அதற்காகத்தான் எடுத்தேன். நீ பேசியதெல்லாம் வானிலையும் அம்மாவின் முழங்காலும்.

அதனால் போன கடிதத்தில் யாரோ திருடியதாக நினைத்தேன் என்று எழுதியதும் பொய். குமாஸ்தா "வாழ்த்துகள்" சொன்ன அந்த நிமிஷமே அது நீ என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். "அடையாளம் தெரியாத நபர்" என்று எழுதும்போது உன் முகம்தான் கண்முன்னால் இருந்தது.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைச் சொன்னா பொய்ப் புகார்னு உங்க மேலயும் வழக்கு வரும். சர்டிபிகேட்டும் போயிடும். நல்லா யோசிச்சுக்குங்கம்மா" என்றார். யோசித்தேன். ஆற்றுத் துறை வேலையை நினைத்தேன், அது இனிமேல் இல்லை என்று தெரிந்தது. "எழுதுங்க" என்றேன். உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. டோக்கன் மேஜைக்கு ஒரு பெண்ணை வைத்துவிட்டார். அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

பாசத்தில் உருகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ ஜெயிலுக்குப் போனால் அம்மா வாரம் தவறாமல் கம்பிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்து அழுவாள். மூன்று வருஷம் அவள் வாயில் உன் பேச்சாகவே இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது.

அந்த இருபத்தைந்து நிமிஷத்தைப் பற்றி எழுதியிருந்தாயே. ஏழெட்டுத் தடவை படித்தேன். நான் சொல்லிக்கொடுத்ததை நான் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. மேஜையில் கரண்டியோடு சரி. அதற்கும்தான் எரிகிறது. இருந்தாலும் அந்த இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள் இல்லையா, அது போதும் என்று நினைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

⁂

ஜூன் 15

அக்காவுக்கு,

திருட்டு வழக்கு தள்ளுபடி. ஆள்மாறாட்டத்துக்கு அபராதம், அதோடு இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. நீதிபதி உன் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் குடும்பத்துல யார் மேல யார் கேஸ் போட்டிருக்காங்கன்னே புரியலையே" என்றார். வக்கீலுக்குச் சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்துவிட்டது. உன் வழக்கில் எச்சரிக்கையோடு விட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள். சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நியாயமாகப் பார்த்தால் அழுகை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது, அப்பாடா, இனி அது இரண்டு பேருக்கும் இல்லை என்பதுதான். கெட்ட புத்தி. எழுதிவிட்டேன்.

துறைமுகத்தில் வேலை போய்விட்டது. பக்கத்திலேயே ஒரு தனியார் சரக்கு முற்றத்தில் தரை வேலை கிடைத்திருக்கிறது, கொக்கி மாட்டுவது. மீசைக்காரர்தான் சொல்லி வாங்கித் தந்தார். அவருக்கு என் மேல் கோபமே இல்லையாம், என் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அவருக்குக் கண்புரையாம். தலைக்கு மேல் சாமான் போகும்போது அண்ணாந்து பார்க்காமல் இருக்க இன்னும் வரவில்லை. மூன்று தடவைக்கு மேல் எழுதக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. உண்மை என்றால் எழுத்துத் தேர்வுக்குப் பணிவாக மனுப் போடப் போகிறேன். நீயும் போடுவாய். நீதான் முதலில் தேறுவாய். இப்போதே எரிகிறது.

அது கிடக்கட்டும். தீர்ப்பு வந்த மறுநாள் ரயிலேறி, "நாலு நாள் பெரியவளைப் பாத்துட்டு வரேன்" என்று அம்மா அங்கே வந்தாள். இன்றோடு முப்பத்தெட்டு நாள். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டால், "பெரியவ சமையல் பிரமாதம்டி" என்கிறாள். இங்கே ஆறு வருஷம் சாப்பிட்டதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாவைத் திருப்பி அனுப்பு.

தங்கை

⁂

ஜூன் 22

குட்டிக்கு,

அனுப்ப மாட்டேன். பதினோரு வருஷம் கழித்து வந்திருக்கிறாள்.

அவள் வாய் திறந்தால் "சின்னவ அந்த உசரத்துல உக்காந்திருப்பா பாரு" என்றுதான் ஆரம்பிக்கிறாள். பாப்பா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்கிறாள். உன் அத்தான்கூடக் கேட்கிறார். அங்கே என் சமையலைப் புகழ்வதும் இங்கே உன் உயரத்தைப் புகழ்வதும் அவளுக்கு வேலையாகப் போயிற்று. நம் இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் அந்த அம்மாள்.

வேண்டுமானால் நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. நன்னடத்தை அலுவலரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை ரயிலில் வா. ஸ்டேஷனில் நிற்பேன்.

டிக்கெட்டை உன் பெயரில் எடு.

அக்கா